சமைக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வரவும்

"வீட்டில சமைக்கிற ஆளையும் அடுத்த முறை கூட்டிட்டு வாங்க அக்கா. அவங்க வராம டொக்டர் திகதி குடுக்கமாட்டார்" என்றாள் ஸுல்பிகா.

கண்டியில் ஒரு ஆஸ்பத்திரி. இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கி உடம்பைக் குறைக்கும் ஒப்பரேசனுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் தாதி அவள். சொந்த ஊர் கிண்ணியா. திருகோணமலையில் முதல் பஸ் பிடித்து வந்து, மத்தியானம் வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்து, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் டொக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னை இரங்கிக் காப்பாற்றியவளும் அவள்தான்.

"சமைக்கிறது என்ர மனுசன்" என்றேன்.

"மாஷா அல்லாஹ். குடுத்து வச்சவங்க நீங்க."

"ஓம். குடுத்து வச்சது முழுக்க இடுப்பிலதான் கிடக்கு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் திகதி வேண்டும். அந்தத் திகதிக்கும் என் வீட்டுக் குசினிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. வெட்டப்போவது என்னை, சட்டி பானையை அல்ல.

என் பெயர் கீர்த்தனி. உப்புவெளித் தபால் கந்தோரில் வேலை. காலை முதல் மாலை வரை கதிரையில் இருந்து முத்திரை விற்க வேண்டும், பார்சல் நிறுக்க வேண்டும். வயது நாற்பத்திரண்டு, என் நிறை நூற்று இருபத்தெட்டுக் கிலோ. இதை நானே சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோரும் என்னைக் கண்டவுடன் மனதுக்குள் நிறுத்துப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு ஏன் வீண் சிரமம். சீனி வருத்தத்துக்கு வயிற்றில் ஊசி போடுகிறேன். முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே கெஞ்சத் தொடங்கிவிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் என் உடம்பைத்தான் காரணம் சொன்னார்கள். அந்தக் கதையை இப்போது எடுக்க எனக்கு மனமில்லை.

ஒப்பரேசன் என்ற முடிவுக்கு நான் வந்தது ஒரு படகில். கந்தோர் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து புறாத்தீவுக்குப் போனோம். ஏறி இருந்த பிறகு படகுக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, ஓரத்தில இருக்காதேங்கோ, நடுவில வாங்கோ" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கூட வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எழும்பி எனக்கு நடுவில் இடம் விட்டார்கள். ஒருவராவது பகிடி விட்டிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது முன்பே தெரிந்த விஷயமாக இருந்தது. தீவு வரும் வரை நான் ஒருவரையும் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமையே கண்டிக்குப் போனேன்.

ரஜீவனை அங்கே கூட்டிப்போவதுதான் பெரும் பாடாகிவிட்டது. ரஜீவன் என் கணவர். உட்துறைமுக வீதியில் அவருக்குச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. முதலாளியும் அவர்தான், சமையற்காரரும் அவர்தான். துறைமுகத்து ஆட்கள் மத்தியானத்தில் வந்து குவிவார்கள். பின்பக்கம் இலை கொட்டும் இடத்தில் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து நிற்கும். அவற்றுக்கும் அவருடைய கைப்பக்குவம் தெரியும். வீட்டிலும் என்னை அடுப்புப் பக்கம் அண்டவிடமாட்டார். கலியாணம் செய்த புதிதில் நான் வைத்த பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "கீர்த்தனி, நீர் முத்திரையை மட்டும் வித்தாக் காணும்" என்று சொன்ன மனிதர்.

"செவ்வாய்க்கிழமை கண்டிக்கு வாங்கோ. உங்களையும் பாக்கவேணுமாம்" என்றேன்.

"என்னை என்னத்துக்கு? எனக்கு வருத்தமே?"

"சமைக்கிறது நீங்கள்தானே."

"செவ்வாய்க்கிழமை கப்பல் வருது. ஆக்கள் கூட."

அடுத்த கிழமை கேட்டபோது காஸ் முடிந்துவிட்டது என்றார். அதற்கடுத்த முறை வயிற்றுக்குள் ஏதோ செய்கிறதாம். கடைசியில் கரண்டியை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தார்.

"வெட்டித்தான் குறைக்கவேணுமே, கீர்த்தனி? நடந்து குறைக்க ஏலாதே?"

"இந்த உடம்பை நீங்கள் ஒரு நாளைக்குத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கோ. பிறகு கதையுங்கோ."

ரஜீவன் சண்டைக்கு வரமாட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் வெடிப்பேன், அவர் வெங்காயம் வெட்டப் போய்விடுவார்.

மனதில் இன்னொன்றும் கிடந்து அரித்தது. ஒரு வருசத்துக்கு மேலாக அவர் என்னோடு கட்டிலில் படுப்பதில்லை. அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அதில்தான் இருக்கிறார். கேட்டால், "நாள் முழுக்க அடுப்படி, உடம்பு எரியுது. வாசலில காத்து வரும்" என்பார். மத்தியானம் கடை ஓய்ந்ததும் அரிசி மூட்டையில் சாய்ந்து செத்த பிணமாகத் தூங்குவார். கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து என்னிடம் பகிடி பண்ணுவார்கள். எனக்குப் பகிடியாக இல்லை. கட்டிலில் முக்கால்வாசி நான்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரு ஆம்பிளை கட்டிலை விட்டுக் கதிரைக்குப் போகிறான் என்றால் அதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அழுகை வரும். அழுகையைக் கோபமாக மாற்றித்தான் எனக்குப் பழக்கம், அதனால் காலையில் எழும்பியதும் ஏதாவது ஒரு சாட்டில் அவரைத் திட்டிவிட்டுக் கந்தோருக்குப் போவேன்.

இருப்புக்கொள்ளவில்லை. கந்தோரில் நிறுத்த பார்சலையே திரும்ப நிறுத்தேன். வீட்டுக்கு வந்தால் முற்றத்துக்கும் குசினிக்குமாக நடந்தேன். இணையத்தில் ஒப்பரேசன் செய்தவர்களின் முன்-பின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. பொறுமை இழந்துபோய், மூன்றாம் முறை கண்டிக்குப் போனபோது ஸுல்பிகாவிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"இப்ப நான்தான் சமைக்கிறன். அவருக்குக் கடையோட சரி."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கேள்விகளைத் தொடங்கினாள். சீனி எவ்வளவு, முன்னால் ஏதும் ஒப்பரேசன் செய்ததா, நெஞ்சு நோவு உண்டா.

"நித்திரை எப்படி அக்கா? நித்திரையில மூச்சு நிக்கிறதா ஆரும் சொன்னதா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. படுத்தா விடியத்தான் எழும்புவன்."

அது பொய் அல்ல. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எழும்பும்போது தலை பாரமாக இருக்கும், கந்தோரில் பதினொரு மணிக்குக் கண் சொருகும்; அதெல்லாம் உடம்புக்காரிக்கு வருவதுதான் என்று விட்டுவிட்டேன்.

திகதி கிடைத்துவிட்டது. டொக்டர் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். ஈரல் இரைப்பைக்கு மேலே மூடிக்கொண்டு கிடக்கிறதாம். என்னைப் போன்றவர்களுக்கு அது கொழுத்து வீங்கி இருக்கும். அதை உயர்த்திப் பிடித்துத்தான் கீழே வெட்ட வேண்டும். வீங்கிய ஈரலைத் தூக்கினால் கிழிந்துவிடும். அதனால் ஒப்பரேசனுக்கு முன் இரண்டு கிழமை அதைச் சுருக்க வேண்டும்.

"ரெண்டு கிழமைக்குச் சோறு, பாண், இடியப்பம் ஒண்டும் இல்ல" என்றாள் ஸுல்பிகா. "எண்ணெய் இல்ல, இனிப்பு இல்ல. தண்ணியா உள்ளது மட்டும்தான். அதிலயும் என்னென்ன எண்டா..."

"விளங்குது, விளங்குது. தண்ணிச் சாப்பாடு. எனக்குப் பஸ் போயிடும்" என்று எழும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ரஜீவனிடம் சொன்னேன். "ரெண்டு கிழமைக்குத் தண்ணியா மட்டும் தாங்கோ. கட்டியா ஒண்டும் வாயில வைக்கேலாது." அவருடைய முகம் தொங்கிப்போயிற்று. குசினிக்குள் போய் இறாக்கையில் அடுக்கியிருந்த சாமான் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி வந்தார்.

"சொதி வைக்கட்டே?"

"சொதி வையுங்கோ. சொதி தண்ணிதானே."

எங்கள் பக்கத்தில் சொதியைச் சாப்பாடு என்று யார் சொல்வார்கள்? தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டு, கடைசியில் தேசிக்காய் பிழிந்து இறக்குகிறது. சோற்றுக்கு விடுகிறது, இடியப்பத்துக்கு விடுகிறது. காய்ச்சல்காரருக்கு வாய்க்கு ஒன்றும் பிடிக்காவிட்டால் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறது. கடையில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் கூடச் சொதியை எத்தனை முறை கேட்டாலும் அதற்குக் கணக்கு இல்லை.

ரஜீவனுக்கு உயிர் வந்துவிட்டது. காலையில் வெந்தயச் சொதி, மத்தியானம் விளைமீன் தலையில் சொதி, இரவில் முருங்கையிலைச் சொதி. எனக்கென்று தனிச் சட்டி. கட்டி ஏதும் வந்துவிடக்கூடாது என்று வெள்ளைத் துணியில் வடித்து, துணியில் நின்றதை மானுக்குக் கொட்டினார். சாம்பல்தீவில் இருக்கும் அவருடைய அக்கா தோட்டத்துத் தேங்காயைச் சாக்கில் கட்டி அனுப்பினார். "கத்திக்குப் போற உடம்பில கொஞ்சம் பிடிப்பு இருக்கவேணும்" என்று சொல்லிச் சொல்லி ரஜீவன் பால் பிழிந்தார். நானும் நல்ல பிள்ளையாகக் குடித்தேன். பெரிதாகப் பசிக்கவில்லை. என் மனவுறுதியை நானே மெச்சிக்கொண்டேன். கந்தோரில் ஒருவர் விடாமல், "ரெண்டு கிழமையாச் சோத்தைக் கண்ணால காணேல்லை" என்று சொல்லித் திரிந்தேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள், வந்தால் என் பொய் வெளிக்கும் என்று ரஜீவனைப் பிடிவாதமாக வீட்டில் நிறுத்திவிட்டு, உடுப்புப் பையோடு கண்டி ஆஸ்பத்திரியில் தராசில் ஏறினேன். நூற்று இருபத்தொன்பதரை.

ஸுல்பிகா என்னை இறங்கச் சொல்லித் திரும்பவும் ஏற்றினாள். அதே நிறை. வயிற்றை ஸ்கான் செய்தார்கள். ஈரல் அப்படியே கிடக்கிறதாம், இன்னும் கொஞ்சம் கொழுத்தும் விட்டதாம். டொக்டர் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஸுல்பிகாவிடம் ஏதோ சொன்னார்.

"என்னக்கா குடிச்ச நீங்க?"

"சத்தியமாச் சொல்லுறன், சொதி மட்டும்தான்."

"என்ன சொதி? தண்ணிப்பாலா?"

"முதற்பால். உடம்புக்குப் பிடிப்பு வேணுமெண்டு..."

ஸுல்பிகா நெற்றியில் கையை வைத்தாள். "யா அல்லாஹ். முதற்பால் முழுக்க எண்ணெய்தானே அக்கா! ரெண்டு கிழமையாத் தேங்காய் எண்ணெயக் குடிச்சுப்போட்டு வந்திருக்கீங்க."

அவள் குரலைத் தணித்தாள். "நானும் கிண்ணியாதான். எங்கட ஊட்டுலயும் சொதியச் சாப்பாட்டுக் கணக்கில சேக்கிற இல்ல. எங்கட பக்கத்து ஆக்கள் சூப்பெண்டா சொதி எண்டுதான் நினைப்பாங்க எண்டு எனக்குத் தெரியும். அதுக்காகத்தான் சமைக்கிற ஆள வரச் சொன்ன. உண்மையச் சொல்லுங்க, ஆர் சமைச்ச?"

"அவர்தான்" என்றேன்.

திகதி போய்விட்டது. அடுத்த திகதி அவர் வந்த பிறகுதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. மடியில் மாற்றுடுப்புப் பை. கந்தளாயில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கித் தயிர்ச் சட்டி வாங்கினார்கள். நான் இறங்கவில்லை. ஒரு சமையற்காரனுக்கு முதற்பாலில் எவ்வளவு எண்ணெய் என்று தெரியாமல் இருக்குமா என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் எழும்பியது. எழும்பியது பிறகு அடங்கவே இல்லை. உப்பளவும் புளியளவும் கையிலேயே வைத்திருக்கிற மனிதர். ஒப்பரேசன் வேண்டாம் என்று முதலிலிருந்தே நின்றவர். வேண்டுமென்றுதான் செய்திருக்கிறார் என்று கந்தளாயிலிருந்து வீடு வரும் வரைக்கும் நானே கேட்டு நானே தீர்ப்பும் சொல்லி முடித்துவிட்டேன்.

அவர் வாசலில் நின்றார். உடுப்புப் பையோடு நான் திரும்பி வந்ததைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கினார்.

"என்ன நடந்தது?"

"உங்கட சொதி நடந்தது. வேணுமெண்டு செய்தனீங்கள்."

நான் சொன்னதையெல்லாம் அவர் நின்றபடியே கேட்டார். தேங்காய்ப்பால் கதையைக் கேட்டபோது அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"சொதியில நான் கள்ளம் செய்யேல்லை, கீர்த்தனி. கடவுளாணை. கறிக்கு விட்டாத்தான் எண்ணெய் எண்டு நினைப்பன். சொதியை நான் அப்பிடி நினைச்சதே இல்லை."

"ஆனா நான் ஒப்பரேசன் செய்யிறதில உங்களுக்கு விருப்பமில்லை."

"இல்லை" என்றார். "அது மெய்."

"ஏன்?"

அவர் பையின் வாரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சொல்லமாட்டியள். நான் சொல்லட்டே? நான் மெலிஞ்சாலும் கொழுத்தாலும் உங்களுக்கு ஒண்டுதான். நீங்கள்தான் எப்பவோ கதிரைக்குப் போயிட்டியளே. என்ர பக்கத்தில படுக்க அருவருப்பெண்டா வாயைத் திறந்து சொல்லுங்கோ, ரஜீவன்!"

அவருடைய பெயரை நான் அப்படிக் கத்திச் சொன்னதே இல்லை. அவர் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இரவு வந்து அதே கதிரையில் இருந்தார். எனக்கு அந்தக் கதிரையைத் தூக்கி வீதியில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் கதை பேச்சு இல்லை. அவர் யாரிடம் கேட்டாரோ தெரியாது, எனக்குத் தெளிந்த தண்ணீராக ஒரு சூப்பு வைத்தார். எலும்பை அவித்து, ஆறவிட்டு, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெறிந்து, உப்பும் மிளகும் போட்டது. வாயில் வைக்க ஏலாது. தன் கையால் அப்படி ஒன்றைச் சமைத்து என் முன்னால் வைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது, கோப்பையை வைத்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்தார். நானும் குடித்து முடித்தேன். உண்மையாகவே பசித்தது. பசியும் கோபமும் சேர்ந்து என்னைப் படுத்தாத பாடு இல்லை. கந்தோரில் முத்திரை கேட்டு வந்த ஒரு வாத்தியாரிடம், நேற்றே வாங்கியிருக்கலாமே என்று பாய்ந்துவிட்டேன்.

ஸுல்பிகா போன் எடுத்துச் செவ்வாய்க்கிழமை என்றாள். நான் ரஜீவனிடம் கேட்கவில்லை. கேட்டு இல்லையென்று சொன்னால் தாங்க எனக்குத் தெம்பு இல்லை. போய், அவர் வரமாட்டார், எனக்கு ஒப்பரேசனே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்திருந்தேன்.

விடிய எழும்பியபோது கதிரை வெறுமையாக இருந்தது. கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். பஸ் நிலையத்துக்கு வந்து கண்டி பஸ்ஸில் ஏறினால், முன்னுக்கு, மூன்று பேர் இருக்கிற சீட்டின் ஓரத்தில் ரஜீவன் இருக்கிறார். கலியாண வீட்டுக்குப் போடுகிற சேட், தலைக்கு எண்ணெய். மிச்ச இரண்டு பேருடைய இடத்திலும் துவாயை விரித்துப் பிடித்திருந்தார்.

"யன்னல் பக்கம் போம்" என்றார், எழும்பி வழி விட்டு.

"கடை?"

"பூட்டு."

கண்டி வரும் வரை பாதி சீட்டில் தொங்கிக்கொண்டு, முன் கம்பியைப் பிடித்தபடி, அவர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸுல்பிகா அவரைக் கண்டதும் எழும்பிக் கதிரை போட்டாள். முதலில் சமையல். எது கூடும், எது கூடாது, ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் மாதம் எப்படி அரைத்துக் கொடுக்க வேண்டும், ஒரு நேரத்துக்கு எத்தனை கரண்டி. ரஜீவன் பள்ளிக்கூடப் பிள்ளையாகக் கேட்டார். இரண்டு முறை திரும்பக் கேட்டார். "கரண்டி எண்டா எந்தக் கரண்டி, தங்கச்சி?" என்று அவளுடைய மேசையில் கிடந்த தேத்தண்ணிக் கரண்டியை எடுத்துக் காட்டிச் சரிபார்த்தார். பிறகு ஸுல்பிகா என் பக்கம் திரும்பினாள்.

"முன்னம் கேட்டதுதான். நித்திரையில மூச்சு நிக்கிற..."

"இல்லை, நல்ல நித்திரை" என்றேன்.

"நிக்கும்" என்றார் ரஜீவன்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸுல்பிகாவைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் பெரிசாக் குறட்டை வரும். பிறகு சத்தமே இல்லை. நெஞ்சு எழும்பப் பாக்கும், காத்துப் போகாது. அப்ப தோளில தட்டவேணும். தட்டினா ஒரு பெருமூச்சு விட்டுத் திரும்பத் தொடங்குவா. கொஞ்சத்தால பிறகும் நிக்கும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். போன வருசம் ஒருநாள் தற்செயலாக் கண்டனான். அண்டையில இருந்து."

"அப்ப நீங்க எப்ப நித்திரை கொள்ற?"

"மத்தியானம், கடையில. ராவில பக்கத்தில படுத்தா நானும் அயந்துபோயிடுவன். அதால கதிரையில இருக்கிறனான். இருந்தா நித்திரை வராது."

பிளாஸ்டிக் கதிரை. அரிசி மூட்டை. அருவருப்பெண்டா சொல்லுங்கோ என்று நான் கத்தியது. அழுகை வந்தது, இந்த முறை அதைக் கோபமாக மாற்ற என்னால் முடியவில்லை. ஸுல்பிகாவுக்கு முன்னால், மூக்கு வடிய, வாய்விட்டு அழுதேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் நித்திரை கொள்ளப் பயப்பிடுவீர்" என்றார். பிறகு ஸுல்பிகாவைப் பார்த்தார். "தங்கச்சி, நான் ஒண்டு கேக்கலாமே? ஒப்பரேசனில மயக்க மருந்து குடுப்பியள். அதுக்குள்ள இவவுக்கு மூச்சு நிண்டா ஆர் தட்டுறது? என்னை உள்ள விடுவினமே? நான் ஒரு மூலையில நிப்பன். ஒண்டும் கதைக்கமாட்டன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கப்பலும் காஸும் வயிற்று வலியும் எதற்கு என்று விளங்கியது. தன்னை விட்டுவிட்டு நான் தனியே தூங்கப்போகிற ஒரே இடம் அந்த ஒப்பரேசன் மேசை என்று இந்த மனிதர் இத்தனை நாளாகப் பயந்து செத்திருக்கிறார்.

ஸுல்பிகா "இருங்க" என்று எழும்பிப்போய், மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். சின்ன உருவம், கண்ணாடி போட்ட சிங்களப் பெண். ஸுல்பிகா எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்ல, அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ரஜீவனுக்கு முன்னால் இருந்தார். அவர் சொன்னதை ஸுல்பிகா தமிழில் சொன்னாள். ஒப்பரேசன் நடக்கும்போது எனக்குப் பதிலாக ஒரு மெசின் மூச்சு விடும். தான் என் தலைமாட்டிலேயே இருப்பாராம், அசையமாட்டாராம், தன்னுடைய வேலையே அதுதானாம். உண்மையான ஆபத்து பிறகு, மயக்கம் தெளிந்து வார்டில் தூங்கும்போதுதான். இந்தக் கதை தெரியாமல் ஒப்பரேசன் செய்திருந்தால் அங்கே சிக்கலாகியிருக்கும். ஆகவே முதலில் என் நித்திரையைச் சோதிக்க வேண்டும், முகத்தில் மாட்டுகிற ஒரு காற்று மெசினைப் பழக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒப்பரேசன்.

"இன்னும் எத்தினை நாள்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"கொஞ்சம் பொறுங்க அக்கா. திகதி கட்டாயம் வரும், இவர் சம்மதிச்சா" என்றாள் ஸுல்பிகா.

ரஜீவன் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் எழும்பி, அந்த டொக்டரைக் கும்பிட்டு, என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டொக்டர் இருப்பா, சரி. மெசினும் இருக்கும். எண்டாலும் ஒருக்காக் காட்டிவிடுறன், சொல்லுங்கோ தங்கச்சி. இடது தோள். எலும்புக்குக் கொஞ்சம் கீழ, இஞ்ச. வலப்பக்கம் தட்டினா இவ எழும்பமாட்டா."

என் தோளில் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். தெரிந்த விரல்கள். தூக்கத்துக்குள் எங்கோ ஒரு மூலையில் எனக்கு அந்தத் தட்டல் முன்பே தெரிந்திருந்தது என்று அந்த நேரம் தோன்றியது.

டொக்டர் சிரிக்கவில்லை. எழும்பி வந்து, ரஜீவன் விரல் வைத்த அதே இடத்தில் தன் விரல்களை வைத்து மெல்லத் தட்டினார். சரியா என்பது போல அவரைப் பார்த்தார்.

"காணாது" என்றார் ரஜீவன். "இன்னும் கொஞ்சம் பெலமா."

டொக்டர் இன்னும் பலமாகத் தட்டினார். எனக்குத் தோள் நொந்தது. நான் பெருமூச்சு விட்டேன்.

"ஓம். இப்பிடித்தான்" என்றார் ரஜீவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனித் திகதியைப் போடுங்கோ."